டெனாங்கோ பூத்தையல்: நூலை மிச்சம் பிடிக்கும் மெக்சிகோ கைவேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ எம்பிராய்டரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, வெளிர்நிறத் துணியில் மானும் முயலும் சேவலும் பூக்களும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு வகைதான். அதன் பெயர் டெனாங்கோ. கற்க விரும்புவோரும் வாங்க விரும்புவோரும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே விடைகள்.

டெனாங்கோ எங்கே பிறந்தது? எவ்வளவு பழையது?

மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே, ஹிடால்கோ மாநிலத்து மலைகளில் டெனாங்கோ டே டோரியா என்ற ஊர் இருக்கிறது. அதையும் சான் நிக்கோலாஸ் முதலிய சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த ஓட்டோமி என்ற பழங்குடி மக்களின் கைவேலை இது. ஊர்ப் பெயரே துணிக்கும் பெயராகிவிட்டது.

விற்கிறவர்கள் "ஆயிரமாண்டுப் பாரம்பரியம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஓட்டோமிப் பெண்கள் தங்கள் ரவிக்கைகளின் கழுத்துப்பட்டியிலும் கைப்பட்டியிலும் நெடுங்காலமாகத் தைத்துவந்தது உண்மை. ஆனால் பெரிய துணி முழுவதும் மிருகங்களை நிரப்பும் இன்றைய வடிவம் 1960களில் உருவானது. அப்போது வந்த கடும் வறட்சியில் விளைச்சல் பொய்த்தது. பிழைக்க வேறு வழி தேடியவர்கள், வீட்டில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஊசிவேலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். உருவங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இரண்டு மூலங்களைச் சொல்கிறார்கள். ஒன்று அப்பகுதிப் பாறைகளில் உள்ள பழைய ஓவியங்கள். மற்றொன்று, பக்கத்துப் புவெப்லா மாநிலத்தின் சான் பாப்லிட்டோவில் மரப்பட்டையிலிருந்து செய்யும் அமாத்தே தாளில் சடங்குக்காக வெட்டும் உருவங்கள்.

வறட்சியில் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தையலின் அமைப்பிலேயே அந்தச் சிக்கனம் தெரியும்.

மெக்சிகோ பூத்தையல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதானே?

இல்லை. பகுதிக்குப் பகுதி தையலே வேறு. ஓஹாக்கா மாநிலத்தின் தெவாந்தெபெக் பூசந்தியில் வெல்வெட் துணியில் பெரிய பெரிய பூக்கள் போடுவார்கள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ விரும்பி அணிந்த உடை அந்தப் பகுதியினுடையது. அந்தப் பூக்களில் மணிலா சால்வையின், அதாவது மணிலா வழியாகக் கப்பலில் வந்த பூவேலைப் பட்டுச் சால்வையின், சாயல் உண்டு என்பார்கள். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடியதை நினைத்தால் அதில் வியப்பில்லை. அதே மாநிலத்தின் சான் அந்தோனினோவில் சிறிய பான்சிப் பூக்களோடு, துணியைச் சுருக்கிப் பிடித்து விரல்நகம் அளவு மனித உருவங்களைத் தைக்கிறார்கள். அந்த வேலையின் பெயருக்கு "முடிந்தால் என்னைச் செய்து பார்" என்று பொருள். பெயர் பொருத்தம்தான்.

யுகத்தான் மாயர்களுடையது துணியின் இழையை எண்ணிப் போடும் குறுக்குத் தையல். அகுவாஸ்காலியென்டெஸ் ஊரில் துணியின் நூல்களை உருவி எடுத்துவிட்டு, மிஞ்சிய இழைகளைக் கட்டிச் சல்லடை போல ஆக்குகிறார்கள். சியாபாஸ் மலைகளிலிருந்து வரும் மேலாடைகளில் எம்பிராய்டரி என்று நாம் நினைக்கும் பல வடிவங்கள் எம்பிராய்டரியே அல்ல, தறியிலேயே கூடுதல் ஊடை கொடுத்து நெய்தவை. இந்தப் பக்கம் டெனாங்கோவைப் பற்றியது மட்டும்.

இதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த கலை என்கிறார்கள். எந்த அடிப்படையில்?

பருத்தி, கைவேலை, மின்சாரம் வேண்டாம் என்ற வழக்கமான பட்டியலை விடுங்கள். அது எல்லாக் கைத்தையலுக்கும் பொருந்தும். டெனாங்கோவின் தனிச்சிறப்பு அதன் தையலில் இருக்கிறது.

முன்பக்கம் பார்த்தால், நூலை ஒட்டி ஒட்டிப் போட்டுப் பரப்பை நிரப்பும் சாட்டின் தையல் போலத் தெரியும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். துணியைத் திருப்புங்கள். சாட்டின் என்றால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே நூல் நிறைந்திருக்கும். டெனாங்கோவின் பின்பக்கத்தில் உருவத்தின் ஓரம் நெடுகச் சின்னச் சின்னப் புள்ளிக்கோடுகள் மட்டுமே இருக்கும், நடுவில் வெறும் துணி. இது நெருக்கமாகப் போட்ட ஹெரிங்போன், அதாவது இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பிடித்துக் குறுக்காகப் போகும் தையல். ஸ்பானிஷில் இதைச் "சேவல் கால்" என்கிறார்கள். நம் ஊர்த் தையல் வகுப்புகளில் ஷேடோ ஒர்க் கற்றவர்களுக்கு இது புதிதல்ல. மெல்லிய துணியின் பின்பக்கம் குறுக்கு நூல் ஓடும்படி போடும் அதே தையலைத் திருப்பிப் போட்டால் டெனாங்கோ.

மிச்சம் எவ்வளவு? 1 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டையில் 1 சதுர செ.மீ. நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். 3 இழை நூல் துணியில் படிந்தால் சுமார் முக்கால் மில்லிமீட்டர் அகலம் பிடிக்கும். எனவே ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 13 அல்லது 14 ஓட்டம் வேண்டும். சாட்டினில் முன்னால் 13.5 செ.மீ., பின்னால் இன்னொரு 13.5 செ.மீ., மொத்தம் 27. ஹெரிங்போனில் முன்னால் அதே 13.5, பின்னால் இரண்டு ஓரங்களுக்கும் சேர்த்து 2 செ.மீ. மட்டும், மொத்தம் 15.5. ஏறத்தாழ நாற்பது சதவீத நூல் மிச்சம். உருவம் ஒடுங்க ஒடுங்க மிச்சமும் குறையும். 3 மி.மீ. அகலக் காம்புக்கு இந்தத் தையலில் பெரிய லாபம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பருத்தி தண்ணீர் குடிக்கும் பயிர். இன்றைய டெனாங்கோ நூல்கள் ஆலையில் செயற்கைச் சாயம் ஏற்றியவை. இந்த வேலை பூமியைக் காப்பாற்றிவிடாது. குறைந்த பொருளில் அதிக நேரத்தைச் செலவிட்டு, பல ஆண்டுகள் நிற்கும் ஒன்றைச் செய்யலாம், அவ்வளவே.

என்னென்ன வாங்க வேண்டும்?

துணி: மெக்சிகோவில் பயன்படுவது மாந்தா எனப்படும் வெளுக்காத பருத்தித் துணி. நம் ஊரில் அதற்கு மிக நெருக்கமானது காடாத் துணி. ரொம்ப மெல்லியதை எடுக்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல் நிழலாகத் தெரியலாம், விரல்ரேகை தெரியக் கூடாது. பழைய கனத்த பருத்திப் படுக்கை விரிப்பும் நன்றாக உதவும். பலமுறை துவைத்த துணி என்பதால் இனிச் சுருங்காது. வேட்டித்துணி இந்த நூலின் கனத்தைத் தாங்காது, சுருங்கிக்கொள்ளும்.

நூல்: 6 இழை கொண்ட பருத்தி எம்பிராய்டரி நூல், 8 மீட்டர் கட்டு. அதில் 3 இழை மட்டும் எடுத்துத் தைக்க வேண்டும். பளபளக்கிறதே என்று ரேயான் நூலை வாங்கினால் வழுக்கும், நனைந்தால் வலு குறையும்.

ஊசி: கூர்முனையும் நீண்ட காதும் உள்ள எம்பிராய்டரி ஊசி, 7ஆம் எண். சட்டம்: 15 முதல் 18 செ.மீ. மர வளையம். உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றினால் துணி நழுவாது. சிறிய கூர்க் கத்தரிக்கோல் ஒன்று. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 100 வண்ணம் அடங்கிய நூல் பெட்டி நிச்சயம் தேவையில்லை.

துணியை எப்படித் தயார் செய்வது?

புதுக் காடாவில் கஞ்சியும் ஆலை மெழுகும் இருக்கும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு 1 மணி நேரம் ஊறவைத்து, அலசி, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். இந்தத் துணி முதல் துவைப்பில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கக்கூடும். துவைக்காமல் தைத்தால், முதல் சலவையில் துணி சுருங்கும், நூல் சுருங்காது. உருவங்கள் கொப்புளம் போல எழும்பி நிற்கும். அதற்குப் பிறகு எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது.

வெட்டும்போது வேலைப்பாட்டைச் சுற்றி 8 செ.மீ. கூடுதலாக விடுங்கள். ஓரத்து உருவங்களைத் தைக்கும்போது வளையம் பிடிக்க இடம் வேண்டும்.

படத்தைத் துணியில் எப்படி வரைவது?

டெனாங்கோ ஊர்களில் வரைவது தனித்திறமை. வரைகிறவர் நேரடியாகத் துணியில் கையாலேயே வரைந்து, தைக்கிறவரிடம் கொடுப்பது அங்கே வழக்கம். இருவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை.

கற்பவர்கள் தாளில் கறுப்பு மையால் வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து நகல் எடுப்பது எளிது. கூரான பென்சிலால் மெல்லிய கோடு போதும், தையல் அதை மூடிவிடும். தண்ணீரில் கரையும் பேனா நல்லதுதான். ஆனால் அலசி எடுக்கும் முன் அதன்மேல் இஸ்திரி பட்டால் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். சூடு பட்டால் மறையும் பேனாவைத் தவிர்த்துவிடுங்கள். குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும். அலுவலகக் கார்பன் தாளின் கறை போகவே போகாது.

வரையும்போது இரண்டு விஷயங்கள் டெனாங்கோவுக்கு உயிர். முதலாவது, உருவத்துக்குள் விவரங்களைக் கறுப்பு நூலால் கோடு போட்டுக் காட்டுவதில்லை. தொடையும் வயிறும் சந்திக்கும் இடம், இறகுக்கும் உடலுக்கும் இடைப்பட்ட எல்லை எல்லாம் தைக்காமல் விட்ட 1 முதல் 2 மி.மீ. இடைவெளிகள்தான். வெறும் துணியே கோடாகிறது. இரண்டாவது, உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழக் கூடாது. மானின் முதுகுக்கு மேல் இடமிருந்தால் ஒரு பறவை, பறவையின் வாலடியில் ஒரு பூ. படத்தை ஒரு கை தூரம் தள்ளிவைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்கே வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிகிறதோ அங்கே இன்னும் ஒன்று வேண்டும்.

தையலை ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியுமா?

பயிற்சிக்கு 8 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாக நகர வேண்டும். ஊசியின் முனை மட்டும் எப்போதும் இடப்பக்கம் பார்க்கும்.

1. நூலை 50 செ.மீ.க்கு வெட்டுங்கள். 6 இழையையும் தனித்தனியாக உருவி, 3ஐச் சேர்த்துக் கோக்கவும். சேர்ந்தபடியே பிரித்தால் முறுக்கு மிஞ்சி, துணியில் தட்டையாகப் படியாது.

2. முடிச்சு போடாதீர்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, முன்பக்கத்திலேயே 3 சின்ன ஓட்டுத்தையல் போட்டு நூலை நிறுத்துங்கள். அடுத்து வரும் தையல் அதை மூடிவிடும். சாட்டினில் நூல்வாலைப் பின்பக்கம் ஒளிக்கலாம். இங்கே பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் ஒளிக்க இடமில்லை.

3. கீழ்க்கோட்டின் இடது முனையில் ஊசி மேலே வரட்டும்.

4. மேல்கோட்டுக்குப் போங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து 1.5 மி.மீ. வலப்புறம் தள்ளிக் குத்தி, அதே மேல்கோட்டில், குத்திய இடத்துக்கு 1.5 மி.மீ. இடப்புறம் வெளியே எடுங்கள்.

5. கீழ்க்கோட்டுக்கு இறங்குங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து 1.5 மி.மீ. வலப்புறம் குத்தி, தொடக்கத் துளையிலேயே வெளியே எடுங்கள்.

6. மீண்டும் மேல்கோடு. முன்பு குத்திய துளைக்கு 1.5 மி.மீ. வலப்புறம் குத்தி, அந்தப் பழைய துளையிலேயே வெளியே வாருங்கள். பிறகு கீழ்க்கோட்டிலும் அதேபோல.

இனி விதி ஒன்றே: குத்துவது புது இடத்தில், வெளிவருவது அதே கோட்டின் பழைய துளையில். பத்துப் பன்னிரண்டு தையலுக்குப் பிறகு திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் இடைவெளியில்லாத புள்ளிக்கோடு இருந்தால் சரி. நடுவே குறுக்கு நூல் ஓடினால் எங்கேயோ ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்குத் துணிக்கு அடியில் போயிருக்கிறீர்கள்.

முடிக்கும்போது ஊசியைப் பின்பக்கம் இறக்கி, ஓரத்துப் புள்ளிக்கோட்டில் 5 அல்லது 6 தையலுக்கு அடியில் நுழைத்து, ஒரு முறை திரும்பி வந்து வெட்டுங்கள். இடக்கைக்காரர்கள் திசைகளைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிக்கொண்டால் போதும்.

உருவங்கள் இணைகோடுகளாக இல்லையே? வளைவையும் நுனியையும் எப்படி நிரப்புவது?

எப்போதும் உருவத்தின் குறுகிய பக்கத்துக்குக் குறுக்கே நூல் ஓட வேண்டும். மானின் காலுக்குப் படுக்கைவசம், கழுத்துக்குச் சாய்வாக. நூலின் திசை மாறும்போது ஒளி விழும் விதமும் மாறும், ஒரே நிறத்தில் தைத்த மிருகத்துக்கு உடல்வாகு தருவது அதுதான்.

வளைவில் வெளியோரத் தையல் 2 மி.மீ.க்கு நீளட்டும், உள்ளோரம் 1 மி.மீ.க்குச் சுருங்கட்டும். அதற்கும் மேல் உள்ளோரம் நெருக்கினால் ஒரே துளையில் இரண்டு முறை குத்திக் கடந்துபோங்கள். இலைநுனியில் முதலில் ஒரு நேர்த்தையல் போட்டுவிட்டு, அதன் இருபுறமும் ஹெரிங்போனை விரித்துக்கொண்டு போக வேண்டும்.

அகலம் 12 மி.மீ.யைத் தாண்டினால் நூல் தொங்கும், மோதிரத்திலும் வளையலிலும் மாட்டும். மாட்டின் வயிறு போன்ற பெரிய பரப்பை இரண்டு மூன்று பட்டைகளாகப் பிரித்து, நடுவே அந்த மெல்லிய வெற்றுக்கோட்டை விடுங்கள். அந்தக் கோடுகள் வந்த காரணத்தில் பாதி இதுதான், அழகு கூடவே வந்தது.

துணி சுருங்குகிறது, நடுவில் துணி எட்டிப் பார்க்கிறது, ஓரம் பல்லிளிக்கிறது. ஏன்?

சுருக்கம்: நூலை இழுத்துக் கட்டுவதால் வருகிறது. நூல் துணியில் படுத்தால் போதும், துணியைக் கவ்வக் கூடாது. வளையத்தில் துணி முரசு போல விறைப்பாக இருந்தால் இந்தத் தையலில் ஊசியால் ஒரே வீச்சில் அள்ளி எடுக்க முடியாது. சற்றே தளர்வாக இருந்தால் அள்ள வரும், ஆனால் இழுக்கும் ஆசையும் வரும். தொடக்கத்தில் விறைப்பாக வைத்து, குத்துவதும் எடுப்பதுமாக இரண்டு அசைவில் செய்வது நல்லது. கை பழகியதும் தளர்த்தலாம்.

நடுவில் துணி தெரிவது: ஓரத் தையல் 2 மி.மீ.க்கு மேல் போய்விட்டது, அல்லது நூல் முறுக்கிக்கொண்டு மெலிந்துவிட்டது. பத்துத் தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் முறுக்கு தானே அவிழும். மேலும் நூல் சேர்த்துத் திருத்தப் பார்க்காதீர்கள், அந்த இடம் மேடாகும். பிரித்துவிட்டு மீண்டும் போடுவதுதான் வழி.

ஓரம் பல்லிளிப்பது: கோட்டின் உட்புறம் ஒரு முறையும் வெளிப்புறம் ஒரு முறையும் குத்துவதால். எப்போதும் கோட்டின் வெளிவிளிம்பில் குத்துவது என்று வைத்துக்கொண்டால் பென்சிலும் மறையும்.

நூல் பஞ்சு பஞ்சாக ஆவது நீளத்தால். 50 செ.மீ. என்று சொல்வது அதற்காகத்தான். கோக்கும் அலுப்புக்கு 1 மீட்டர் வெட்டினால் கடைசிப் பாதி துணிக்குள் நூறு தடவை போய் வந்து பளபளப்பை இழந்திருக்கும். வளையத்தை இரவில் கழற்றி வைக்கவும்.

வண்ணங்களை எப்படித் தேர்வது?

இரண்டு வழக்கங்கள். ஒன்று, முழுத் துணிக்கும் ஒரே நிறம்: சிவப்பு, கருநீலம் அல்லது கறுப்பு. மற்றது, ஒவ்வொரு உருவமும் ஒரு நிறம். பச்சை மாடும் ரோஜாநிற முயலும் இங்கே சாதாரணம், இயற்கை நிறத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு மிருகத்துக்குள் நிழல் காட்டுவதற்கு மூன்று சாயல் கலப்பது டெனாங்கோ அல்ல.

பல வண்ண வகை மிச்சநூலைத் தீர்க்க ஏற்றது. 20 செ.மீ.க்கு மேல் மிஞ்சியதைத் தனியே சேர்த்துவையுங்கள். இலை, கண்ணைச் சுற்றிய வளையம், சேவலின் கொண்டை எல்லாம் அதிலேயே முடியும். பக்கத்துப் பக்கத்து உருவங்களுக்கு ஒரே நிறம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு துண்டுக்கு எவ்வளவு நூல், எவ்வளவு நேரம்?

30 × 30 செ.மீ. துணியில் பாதிப் பரப்பு நிரம்பினால் 450 சதுர செ.மீ. ஒரு கட்டு 8 மீட்டர், அதை 3 இழையாகப் பிரித்தால் 16 மீட்டர். கோப்பதிலும் முடிப்பதிலும் 15 சதவீதம் போகும். மீதியில் சுமார் 85 சதுர செ.மீ. நிரப்பலாம். ஆக 6 கட்டு. சாட்டினில் 9, 10 ஆகும்.

நேரம்: தேர்ந்த கை நிமிடத்துக்கு 5 ஓட்டம் என்று வைத்தாலும், சராசரி 7 மி.மீ. அகல உருவங்களுக்கு 1 சதுர செ.மீ. முடிக்க நான்கு நிமிடம் ஆகிறது. துண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 30 மணி. புதியவர்களுக்கு இரட்டிப்பு. ஆகவே முதல் வேலையாகக் கட்டில் விரிப்பை எடுக்காதீர்கள். 10 × 10 செ.மீ.யில் ஒரு முயலும் இரண்டு இலைகளும் போதும்.

இயற்கைச் சாய நூலில் தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் அதை டெனாங்கோ மரபு என்று சொல்ல வேண்டாம். மெக்சிகோவின் புகழ்பெற்ற சாயங்களான கொச்சினீல் பூச்சிச் சிவப்பு, அவுரி நீலம், கடல் நத்தையைப் பாறையிலிருந்து எடுத்துச் சுரப்பைப் பிழிந்துவிட்டு மீண்டும் பாறையிலேயே விடும் ஊதா ஆகியவை பெரும்பாலும் ஓஹாக்கா நெசவோடு சேர்ந்தவை. கொச்சினீல் கம்பளியிலும் பட்டிலும் எளிதில் ஏறும். பருத்திக்குக் கடுக்காய் போன்ற துவர்ப்புச் சாறும் படிகாரமும் முதலில் கொடுத்தாக வேண்டும். பளீர் என்ற ரோஜாநிற டெனாங்கோவை "முழுக்க இயற்கைச் சாயம்" என்று விற்றால் நம்பாதீர்கள்.

எப்படித் துவைப்பது?

தைக்கும் முன்பே ஒவ்வொரு நிறத்தையும் சோதியுங்கள். நூலின் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கறை இறங்கினால் நூலைக் குளிர்ந்த நீரில் தெளியும்வரை அலசி உலர்த்திவிட்டுப் பயன்படுத்தவும்.

முடித்த துண்டைக் குளிர்ந்த நீரில், காரமில்லாத சோப்பில், கையால் அமுக்கித் துவைக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, துவாலையில் சுருட்டி அழுத்தி நீர் எடுக்கவும். நிழலில் காயட்டும். இஸ்திரி பின்பக்கத்தில், கீழே கனத்த துவாலை விரித்து. முன்பக்கத்தில் போட்டால் நூலின் மேடு நசுங்கிவிடும்.

துவைக்கும்போது சாயம் ஓடிவிட்டால் பதறி உலர்த்தாதீர்கள். உலர்ந்தால் கறை பிடித்துக்கொள்ளும். ஈரமாகவே வைத்து, குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி, தண்ணீர் தெளியும்வரை ஊறவிடுங்கள்.

வாங்கும்போது கைவேலையா, மெஷினா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் புள்ளிக்கோடு, நடுவே வெறும் துணி என்றால் கைவேலை. பின்பக்கம் ஒரே வெள்ளை நூல் நிரம்பியிருந்தால் கணினி மெஷின். பின்பக்கம் எதுவுமே இல்லையென்றால் அச்சு. தலையணை உறை போல உள்பக்கம் மூடியிருந்தால் ஒரே மிருகத்தை இரண்டு இடத்தில் ஒப்பிடுங்கள். கையால் வரைந்ததில் இரண்டு மான் ஒன்று போல இராது.

இந்தச் சோதனை டெனாங்கோவுக்கு மட்டும் பொருந்தும். தெவாந்தெபெக்கில் மெஷினால் போடும் சங்கிலித் தையலே ஒரு மரபு. மெஷின் என்றாலே போலி என்று அங்கே போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

நியாயமான விலை எது?

மேலே சொன்ன 30 மணி நேரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2025இல் மெக்சிகோவின் பொதுக் குறைந்தபட்சக் கூலி 8 மணி நேர நாளுக்கு 278.80 பெசோ. 30 மணி என்பது மூன்றே முக்கால் நாள், கூலி மட்டும் ஏறத்தாழ 1,045 பெசோ. துணி, நூல், வரைந்தவரின் பங்கு, கடைக்காரர் லாபம் எதுவும் இதில் சேரவில்லை. அந்த அளவுத் துண்டு 300 பெசோவுக்குக் கிடைக்கிறது என்றால் அது கைவேலை அல்ல, அல்லது தைத்தவருக்குக் கூலி போய்ச் சேரவில்லை. மூன்றாவது சாத்தியம் எங்களுக்குத் தோன்றவில்லை. நேரில் போகிறவர்கள் ஊர்ச் சந்தையில் தைத்தவரிடமே வாங்கலாம். மெக்சிகோ அரசின் கைவினை நிறுவனமான ஃபோனார்ட் 1974 முதல் இயங்குகிறது, அதன் கடைகளும் உண்டு.

நான் மெக்சிகோவைச் சேர்ந்தவர் இல்லை. இதைத் தைப்பது தவறா? விற்கலாமா?

கற்பதும் வீட்டுக்குத் தைப்பதும் தவறல்ல. விற்பனையில்தான் சிக்கல். 2019இல் கரோலினா ஹெரேரா நிறுவனத்தின் ஆடைத்தொகுப்பு ஒன்றில் டெனாங்கோ மிருகங்கள் இடம்பெற்றபோது, மெக்சிகோவின் பண்பாட்டுத் துறைச் செயலாளர் அலெஹாந்த்ரா ஃப்ராவுஸ்தோ அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். இவற்றை எந்த அடிப்படையில் பயன்படுத்துகிறீர்கள், அந்தச் சமூகங்களுக்கு இதில் பலன் உண்டா என்பதே கேள்வி. 2022 ஜனவரி 17 அன்று மெக்சிகோ அரசிதழில் வெளியான கூட்டாட்சிச் சட்டம், பழங்குடி மக்களின் பண்பாட்டுச் சொத்தை அந்தச் சமூகங்களின் கூட்டு உடைமையாக ஏற்கிறது. அவர்கள் அனுமதியின்றி வணிகத்தில் பயன்படுத்துவதற்குத் தண்டனையும் உண்டு.

சட்டம் மெக்சிகோவுக்குள் செல்லும். நம் பழக்கத்துக்கு எளிய வரம்புகள் சில போதும். டெனாங்கோ கலைஞர் ஒருவரின் வரைபடத்தை நகலெடுத்து விற்காதீர்கள். இங்கே தைத்ததை "மெக்சிகோ டெனாங்கோ" என்று பெயரிட்டு விற்காதீர்கள். ஹெரிங்போன் தையல் எந்த ஊருக்கும் தனிச்சொத்து அல்ல, உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மைனாவையும் அணிலையும் அதில் தைக்கத் தடையில்லை. கேட்பவர்களுக்குத் தையல்முறையை எங்கிருந்து கற்றீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய துண்டில் நூல் அறுந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

முடியும். சாட்டினை விட இது சுலபம், ஏனெனில் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டு ஓரத்திலும் தனித்தனியாகப் பிடித்திருக்கிறது, ஓரிடத்தில் அறுந்தால் உருவம் முழுவதும் அவிழ்ந்துவிடாது. அறுந்த இடத்துக்கு இருபுறமும் 4 தையல் வரை ஊசியால் மெதுவாகப் பிரித்து, கிடைத்த வால்களைப் பின்பக்கப் புள்ளிக்கோட்டில் நுழைத்து நிறுத்துங்கள். புது நூலைப் பழைய துளைகளிலேயே குத்திக்கொண்டு போங்கள். துளைகள் மூடியிருந்தால் அந்த இடத்தை லேசாக நீர் தெளித்து நகத்தால் நீவினால் தெரியும்.

நிறம் பொருந்துவதுதான் கடினம். பழைய நூல் வெயிலில் வெளுத்திருக்கும். அதன் பின்பக்கத்தைப் பார்த்து நூல் வாங்காதீர்கள், அங்கே பழைய அடர்நிறம் அப்படியே இருக்கும். முன்பக்கத்தோடு, பகல் வெளிச்சத்தில், 3 இழையையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். சரியான சாயல் கிடைக்காவிட்டால் வெளிர்ந்த 2 இழையோடு அடர்ந்த 1 இழை சேர்த்துக் கோத்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும்.